கரைக்கு அந்தப் பக்கம்

பவானிசாகர் அணைக்கட்டு ஊர்தான். ஆனால் ஊருக்குள் நின்று பார்த்தால் அணைத் தண்ணீர் கண்ணில் படாது. புன்செய் புளியம்பட்டி வழியாக வந்தாலும் சத்தியமங்கலம் வழியாக வந்தாலும் எதிரே தெரிவது ஏறத்தாழ 8 கிலோமீட்டருக்கு நீண்டு கிடக்கும் மண்கரையும் அதன் பின்னால் எழும் நீலகிரி மலையும்தான். கரைக்கு இந்தப் பக்கம் பூங்கா, குடியிருப்புகள், மீன் வறுவல் கடைகள், அரசு ஊழியர்களுக்கான அடிப்படைப் பயிற்சி நிலையம் எல்லாம் இருக்கின்றன. தமிழ்நாட்டில் இளநிலை உதவியாளராக வேலைக்குச் சேர்ந்த யாரைக் கேட்டாலும் 'பவானிசாகர் டிரெய்னிங்' பற்றி ஒரு கதையாவது வைத்திருப்பார்கள். அவர்களில் எத்தனை பேர் அந்தத் தண்ணீரைப் பார்த்தார்கள் என்பது வேறு கேள்வி. ஆடிப்பெருக்கு அன்று மட்டும் பொதுமக்களை அணையின் மேலே விடுவது வழக்கம். சில ஆண்டுகளில் அதுவும் கிடையாது.

கரைக்கு அந்தப் பக்கத்தை அன்றாடம் பார்க்கிறவர்கள் மூன்று வகையினர். ஒன்று, அணையைப் பராமரிக்கும் நீர்வளத்துறைக்காரர்கள். பெயர் மாறினாலும் ஊர் வாயில் அவர்கள் இன்னும் 'பீடபிள்யூடி'தான். இரண்டு, வனத்துறைக்காரர்கள். மூன்றாவது வகை, பரிசல் போட்டு மீன் பிடிக்கிறவர்கள். இந்தக் கட்டுரை அந்த மூன்றாவது வகையைச் சேர்ந்த ஒருவரின் தொழிலைப் பற்றியது. வயது அறுபதைத் தாண்டியவர். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் பெரியவர் என்றே வைத்துக்கொள்வோம்.

பெரியவரின் அப்பா மீனவராக வந்தவர் அல்ல. அணைக்கு மண் சுமக்க வந்தவர். இந்த அணையைக் கட்டிய கீழ்பவானித் திட்டம் வேண்டும் என்று விடாமல் போராடியவர் ஈரோட்டைச் சேர்ந்த விடுதலைப் போராட்ட வீரரும் சட்டமன்ற உறுப்பினருமான எம்.ஏ. ஈஸ்வரன். 1948இல் அணை வேலை தொடங்கி 1955இல் முடிந்தது. அப்போது இது கோவை மாவட்டம். 1979இல்தான் பெரியார் மாவட்டமாகப் பிரிந்தது, பிறகு ஈரோடு என்று பெயர் மாறியது. அணை முடிந்ததும் மண் சுமந்த கூட்டத்தில் பாதி அடுத்த வேலையைத் தேடிப் போனது. மிச்சம் இருந்தவர்களில் சிலர், பெரியவரின் அப்பா உட்பட, வலையைக் கையில் எடுத்தார்கள். ஆற்று மீன் பிடித்துப் பழகியவர்களிடம் எடுபிடியாகச் சேர்ந்து கற்ற தொழில் இது. ஆக, அந்த வீட்டில் மீன்பிடிப்புக்கு வயது இரண்டு தலைமுறை. பரம்பரைத் தொழில் என்று யாராவது சொன்னால் பெரியவர் சிரிக்கிறார்: "எங்க பரம்பர மண்வெட்டிங்க. தண்ணி வந்துது, தொழிலு மாறிப்போச்சு."

அணையின் கணக்கு 105 அடி. கொள்ளளவு 32.8 டி.எம்.சி. நிரம்பி நிற்கும்போது நீர்ப்பரப்பு 7,800 ஹெக்டேருக்கு மேல். தமிழ்நாட்டில் மேட்டூருக்கு அடுத்து இதைத்தான் சொல்வார்கள். கேரளப் பக்கம் அட்டப்பாடிக்குள் போய்ச் சுற்றித் திரும்பி வரும் பவானியும், முதுமலைக் காட்டைக் கடந்து பள்ளத்தாக்கில் இறங்கி வரும் மாயாறும் இங்கேதான் சேர்கின்றன. இரண்டு ஆறுகளும் கூடிய இடம் இப்போது தண்ணீருக்கு அடியில்.

செய்தித்தாளில் தினமும் நீர்மட்டம் வருகிறது. கோபியிலும் காங்கேயத்திலும் இருக்கும் விவசாயி அதைப் படித்துவிட்டுக் கால்வாயில் எப்போது தண்ணீர் வரும் என்று கணக்குப் போடுகிறார். பரிசல்காரரும் அதே எண்ணைத்தான் படிக்கிறார், வேறு கணக்கு போடுகிறார். தண்ணீர் ஏறுகிறதா, நிற்கிறதா, இறங்குகிறதா என்பதை வைத்துத்தான் அன்று மாலை வலையை எங்கே போடுவது என்று முடிவாகும். ஏறும்போது மீன் ஓரத்துக்கு வரும்; புதிதாக முழுகும் புல்லிலும் புதரிலும் அதற்கு இரை உண்டு. இறங்கும்போது ஓரத்தை விட்டுவிட்டுப் பழைய ஆற்றுப் பள்ளத்தைத் தேடிப் போய்விடும். அந்தப் பள்ளம் எங்கே ஓடுகிறது என்பதற்குப் பரிசல்காரர்களிடம் வரைபடம் கிடையாது. இந்தக் குன்றின் நுனியும் அந்தப் பாறையும் நேர்கோட்டில் வரும் இடம் என்று கண்ணாலேயே குறித்து வைத்திருக்கிறார்கள்.

முன்பு பரிசல் கட்டுவது ஒரு தனி வேலை. மூங்கிலைப் பிளந்து பத்தையாக்கி, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, விளிம்பைச் சுற்றி வரிந்து கட்ட வேண்டும். அடியில் ஒரு காலத்தில் மாட்டுத்தோல் போட்டார்கள். பிறகு பிளாஸ்டிக் சாக்கைத் தைத்து அதன்மேல் தாரைக் காய்ச்சிப் பூசினார்கள். தார் காயும்வரை வீட்டுப் பெண்கள் திட்டிக்கொண்டே இருப்பார்களாம். துணியில் ஒட்டினால் போகாது. இப்போது ஃபைபர் பரிசல் வந்துவிட்டது. தார் வேண்டாம், ஓட்டை விழாது, பல ஆண்டு உழைக்கும். ஆனாலும் பெரியவர் மூங்கில் பரிசலைத் தூக்கிப் போட்டுவிடவில்லை. தண்ணீருக்கு அடியில் முழுகிய மரக்கட்டைகள் நின்றுகொண்டிருக்கின்றன. அவற்றில் மோதினால் மூங்கில் வளைந்து கொடுத்து விலகும். ஃபைபர் முட்டிக்கொண்டு ஆட்டம் காணும் என்பது அவர் கட்சி. அவருடைய மகன் இதை ஒப்புக்கொள்வதில்லை.

வலையில் இரண்டு வகை பார்க்கலாம்: நூல் வலை, நரம்பு வலை. நரம்பு வலை தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது. நிறைய விழும், ஆனால் சீக்கிரம் அறுந்துபோகும். அறுந்த துண்டைத் தண்ணீரிலேயே விட்டால் அது தன்பாட்டுக்கு மீனைப் பிடித்துப் பிடித்துக் கொன்றுகொண்டே கிடக்கும். வலையின் கண்ணை விரல் விட்டு அளக்கிறார்கள். நாலு விரல் நுழைந்தால் பெரிய கட்லாவுக்கு, இரண்டு விரல் என்றால் ஜிலேபி மீனுக்கு. மேல்கயிற்றில் மிதவையாகக் கட்டுவது பழைய ரப்பர் செருப்பை அறுத்த துண்டுகள். கீழ்கயிற்றுக்கு ஈயக்குண்டு, அது கிடைக்காத நாளில் கூழாங்கல்.

மாலை வெயில் தாழ்ந்த பிறகு இரண்டு பேராகக் கிளம்புவார்கள். ஒருவர் துடுப்பு போட, மற்றவர் மடித்து வைத்திருக்கும் வலையை விரல் இடுக்கில் வழியவிட்டுக்கொண்டே போக வேண்டும். இதில் சிக்கல் விழுந்தால் அன்றைய பொழுது போச்சு. துடுப்பு போடுகிறவருக்குத்தான் உண்மையில் வேலை அதிகம். பரிசலுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது, விட்டால் தன்னைத்தானே சுற்றும். சுற்றாமல் நேராக இழுத்துப் போகப் பழகவே ஒரு பருவம் ஆகும். பெரியவரோடு போகிறவர் அவருடைய மச்சினர். தண்ணீரில் இருவருக்கும் பேச்சு குறைவு. "மாப்ள, புடி", "மாமா, விடுங்க" என்பதற்கு மேல் அதிகம் கேட்காது. வலையைப் போட்டுவிட்டுக் கரைக்கு வந்து, விடியுமுன் போய்த் தூக்குவார்கள். வெயில் ஏறிவிட்டால் வலையில் செத்த மீன் மெத்தென்று ஆகிவிடும். செவுளைத் தூக்கிப் பார்க்கிற வியாபாரி விலையைப் பாதியாக்கிவிடுவார்.

மீன் வலையில் மாட்டும் விதத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தால்தான் கண் அளவு ஏன் அவ்வளவு முக்கியம் என்று புரியும். தலை நுழைந்துவிடும், உடம்பு நுழையாது. பின்னால் இழுத்தால் செவுள் மூடியில் நரம்பு கொக்கி மாதிரி விழுந்திருக்கும். பெரியவர் மீனைப் பின்னுக்கு இழுப்பதில்லை. கட்டை விரலால் செவுளை அழுத்தி, நரம்பை மேலே ஏற்றி, மீனை முன்பக்கமாகவே உருவிவிடுகிறார். வலையும் கிழியாது, செதிலும் உதிராது. கெளுத்தி என்றால் இந்த வித்தை செல்லாது. அதன் முள் வலையோடு பின்னிக்கொள்ளும். குத்தினால் கை நாள் முழுக்கக் கடுக்கும். முள்ளை முதலில் ஒடித்துவிட்டுத்தான் மறு வேலை.

அணை மீன் என்றதும் சுற்றுலா வருகிறவர்கள் அது காலங்காலமாக இந்த ஆற்றில் இருந்த மீன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் வடக்கே கங்கைச் சமவெளியிலிருந்து வந்தவை. ஜிலேபி ஆப்பிரிக்காக்காரன், இந்தியாவுக்குள் வந்தது 1952இல். அதற்கு யாரும் குஞ்சு விட வேண்டியதில்லை. தாய் தன் வாய்க்குள்ளேயே முட்டையை வைத்துப் பொரித்துவிடும். கெண்டை இனம் அப்படி அல்ல. ஓடும் தண்ணீர் வேண்டும், மழைக்காலத்துப் புதுவெள்ளம் வேண்டும். குளத்துத் தண்ணீரில் அது முட்டையிடாது. 1957இல் ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி கெண்டை மீன்களுக்குப் பிட்யூட்டரிச் சுரப்பிச் சாற்றை ஊசியாகப் போட்டு முட்டையிட வைத்துக் காட்டினார். அவர் அதைச் செய்த ஜூலை 10ஆம் தேதியைத்தான் நாடு மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறது. இன்று அணைகளில் விடும் குஞ்சுகள் எல்லாம் அந்த ஊசியின் வழித்தோன்றல்கள். பவானிசாகரிலும் அரசு மீன் பண்ணை உண்டு. 1970களில் நாட்டின் சில அணைகளைத் தேர்ந்தெடுத்து மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் ஆய்வு நடத்தியபோது அதில் பவானிசாகரும் ஒன்று.

ஆனாலும் பழைய பழக்கம் மீனை விட்டுப் போகவில்லை. ஆனி, ஆடியில் நீலகிரியில் மழை பிடித்து, மேலே பில்லூர் அணை நிரம்பித் திறந்துவிட்டால் செம்மண் கலந்த தண்ணீர் வந்து சேரும். அதுதான் புதுத்தண்ணி. அந்த வாசனைக்குச் சினை மீன்கள் ஆற்று முகத்தைத் தேடி ஏறும். ஆற்று வாயில் குறுக்கே வலையைக் கட்டினால் ஒரே நாளில் பரிசல் கொள்ளாத அளவுக்கு விழும். ஒவ்வொன்றின் வயிற்றிலும் லட்சக்கணக்கில் முட்டை. அந்த நாட்களில் ஆற்று முகத்துக்குப் போகக் கூடாது என்பது மூத்தவர்கள் வைத்திருந்த கட்டுப்பாடு. எழுதி வைத்த சட்டத்தை விட அதற்கு மரியாதை இருந்தது. இப்போது அந்த மரியாதை குறைந்துவிட்டது என்று பெரியவர் வருத்தப்படுகிறார். ராத்திரியில் வெளியூர் ஆட்கள் வந்து அடித்துக்கொண்டு போகிறார்கள். அவர்களை மட்டும் குற்றம் சொல்வதும் சரியல்ல. உள்ளூரிலும் சிலர் சபலப்படுகிறார்கள்.

ஆடி மாதம் மீன் ஒரு பக்கம் இழுக்கும், காற்று மறுபக்கம் இழுக்கும். மேற்கே மலை இடுக்கு வழியாக இறங்கும் காற்று பிற்பகலில் நீர்ப்பரப்பை மடித்து மடித்து அலையாக்கிவிடும். வட்டமான பரிசலுக்கு அலையில் பிடிமானம் இல்லை. அப்படி ஒரு காற்றில் கரை சேர முடியாமல் மாயாற்றுப் பக்கம் ஒதுங்கி, விடியும்வரை பாறை மேல் உட்கார்ந்திருந்த கதை பரிசல்காரர் ஒவ்வொருவரிடமும் உண்டு. அந்தப் பக்கம் ஒதுங்குவது அவ்வளவு நிம்மதியான காரியமும் அல்ல. 2013இல் சத்தியமங்கலம் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காடு அங்கே நீர் விளிம்புவரை வருகிறது. மாயாற்றில் முதலை உண்டு. கோடையில் யானைகள் கூட்டம் கூட்டமாகத் தண்ணீருக்கு இறங்கும். யானை தண்ணீர் குடிக்கும்போது காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துத்தான் பரிசலைத் திருப்ப வேண்டும். மனித வாடை போனால் குட்டியோடு இருக்கும் கூட்டம் பொறுக்காது.

அந்த மாயாற்றுக்கு அக்கரையில்தான் தெங்குமரஹாடா. நீலகிரி மாவட்டத்து ஊர், ஆனால் போகிற வழி பவானிசாகர் காட்டுப் பாதை. பேருந்து ஆற்றங்கரையோடு நின்றுவிடும்; பிறகு பரிசல். 1948இல் தொடங்கிய கூட்டுறவுப் பண்ணைச் சங்கத்தால் உருவான ஊர் அது. பெரியவரின் உறவுக்காரர்கள் சிலர் அங்கே பரிசல் ஓட்டியிருக்கிறார்கள். மாயாற்றில் வெள்ளம் வந்தால் அந்த ஊருக்கு வெளித்தொடர்பே அறுந்துவிடும்.

மேற்கே சிறுமுகைப் பக்கம் வேறு கதை. அணை ஏற ஏற லிங்காபுரத்துக்கும் காந்தவயலுக்கும் இடையே இருந்த பாலம் முழுகிவிடுவது வழக்கமாக இருந்தது. அங்கேயும் மாதக்கணக்கில் பரிசலும் படகும்தான் ஓடின. நீர் இறங்கினால் அதே இடத்தில் வாழையும் காய்கறியும் போடுவார்கள். வண்டல் படிந்த மண் என்பதால் நன்றாக வரும். குலை தள்ளும் நேரத்தில் தண்ணீர் ஏறினால் வாழைத்தோப்பு தலையை மட்டும் காட்டிக்கொண்டு நிற்கும். அதற்கு நடுவே பரிசலில் போய்க் குலையை வெட்டி எடுத்து வருவதும் உண்டு.

ஆகஸ்ட் 15 வாக்கில் கீழ்பவானிக் கால்வாய் திறப்பார்கள். 200 கிலோமீட்டர் ஓடுகிற கால்வாய், மொத்தம் 2,07,000 ஏக்கர். அதை ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று பாதியாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நஞ்சைத் தண்ணீர், மறு பாதிக்குப் பிறகு புஞ்சைத் தண்ணீர். இது போக கொடிவேரியில் பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள். 13ஆம் நூற்றாண்டிலிருந்து ஓடும் காளிங்கராயன் வாய்க்கால். இந்தப் பழைய வாய்க்கால்காரர்களுக்குத்தான் முதல் பாத்தியதை. வெள்ளப் பாதுகாப்புக்காக அக்டோபர் முடியும்வரை 102 அடிக்கு மேல் தேக்குவதில்லை. நவம்பரிலிருந்து 105 வரை விடலாம். இத்தனை கணக்குகளில் மீனுக்கென்று ஒரு கணக்கு கிடையாது. இதைப் பெரியவர் குறையாகச் சொல்வதில்லை. "சோத்துக்குத் தண்ணி போவோணுமில்லீங்க. நாம அதுக்கு மிஞ்சி கேக்க முடியுமா?" என்கிறார். கொங்கு நாட்டில் தண்ணீரை விவசாயத்துக்குப் பிறகுதான் வேறு எதற்கும் கேட்பது வழக்கம்.

மழை பொய்த்த ஆண்டுகளில் அணை வயிறு ஒட்டிக் கிடக்கும். 2016இன் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டையே ஏமாற்றியது. மறு கோடையில் டணாயக்கன் கோட்டை வெளியே வந்தது. 14ஆம் நூற்றாண்டில் ஹொய்சாள மன்னன் மூன்றாம் வீர வல்லாளனின் தண்டநாயகர்கள் ஆண்ட கோட்டை. அதற்குள் மாதவப் பெருமாள் கோயில். அணை கட்டியபோது சுற்று ஊர்களோடு முழுகியது. நீர் வற்றினால் தூண்களும் மண்டபமும் தலை காட்டும், ஜனங்கள் பார்க்கக் கூடுவார்கள், பத்திரிகைகளில் படம் வரும். பரிசல்காரர்களுக்கு அது கெட்ட செய்தி. மீதி இருக்கும் தண்ணீரில் மீன் எல்லாம் நெருங்கிக் கிடக்கும். சில வாரம் அள்ளலாம். அதன் பிறகு விதைக்குக்கூட மிஞ்சாது. அடுத்த ஆண்டு 2018இல் அணை நிரம்பியபோது ஊரே கொண்டாடியது. தண்ணீர் கடல் மாதிரி நின்றது, வலை மட்டும் காலியாக வந்தது. குஞ்சு விட்டு அது வளர்ந்து வரும்வரை வீட்டில் இளையவர்கள் திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்குப் போனார்கள். சிலர் திரும்பி வரவே இல்லை.

இன்னொரு வகைச் சாவும் அணை பார்த்திருக்கிறது. மேலே ஆற்றங்கரை ஆலைகளின் கழிவு கலந்து, விடிகாலையில் மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்து மிதந்த நாட்கள் உண்டு. அந்த மீனைத் தூக்கிச் சந்தைக்கு அனுப்பியவர்களும் இருந்தார்கள், குழி வெட்டிப் புதைத்தவர்களும் இருந்தார்கள். பெரியவர் புதைத்தவர்களில் ஒருவர். அதற்கு ஈடாக யாரும் எதுவும் தரவில்லை.

மீன் வறுவலைப் பற்றிச் சொல்லாமல் பவானிசாகரைப் பற்றி எழுத முடியாது. ஞாயிற்றுக்கிழமை கோவையிலிருந்தும் ஈரோட்டிலிருந்தும் வருகிறவர்கள் பூங்காவைப் பார்க்கிறார்களோ இல்லையோ, வறுவல் சாப்பிடாமல் போவதில்லை. மிளகாய்த்தூளும் உப்பும் பூசி அடுக்கி வைத்த மீன் செக்கச்செவேல் என்று தெரியும். அந்தச் சிவப்புக்குள் எந்த ஊர் மீனையும் ஒளித்து வைக்கலாம். கேட்டுவிட்டுச் சாப்பிடுவது நல்லது. மசாலா பூசாத மீனைக் காட்டச் சொல்லுங்கள். அணை ஜிலேபியின் உடம்பு கருத்து ஒடுங்கியிருக்கும். பண்ணை ஜிலேபி வெளுத்துக் கொழுத்திருக்கும். அணை மீனில் சேற்று வாடை குறைவு என்பது பெரியவர் வாதம். சாப்பிட்டுப் பார்த்ததில் அந்த வாதம் பெரும்பாலும் சரி என்றே படுகிறது, வெள்ளம் வந்து கலங்கிய வாரங்களைத் தவிர.

நாற்பது ஆண்டுக்கு மேல் தண்ணீரில் இருந்தவர் கேட்பது பெரிய சலுகை ஒன்றும் அல்ல. அணையில் குஞ்சு விடும்போது கண்ணுக்குத் தெரியாத பொடிக் குஞ்சாக விடாமல், விரல் நீளத்துக்கு மேல் வளர்த்து விட வேண்டும். பொடிக் குஞ்சு வாளைக்கும் விராலுக்கும் தீனியாகத்தான் போகிறது. அணைகளில் 8 முதல் 10 சென்டிமீட்டர் வரை வளர்ந்த குஞ்சை விடுவதே நல்லது என்று மீன்வள ஆராய்ச்சியாளர்களும் சொல்லி வருகிறார்கள். கால்வாய்க்குத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் விடாமல், ஏறி நிற்கும் நேரம் பார்த்து விட வேண்டும். விடும்போது பரிசல்காரர்களையும் கூப்பிட வேண்டும். எத்தனை விட்டார்கள், எங்கே விட்டார்கள் என்று தெரிந்தால் அந்த இடத்துக்குச் சில மாதம் வலை போகாமல் பார்த்துக்கொள்ள அவர்களே போதும். ஆனி, ஆடியில் ஆற்று முகத்தில் ராத்திரி ரோந்து வேண்டும். இந்த நான்கையும் செய்ய ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட விவசாயத்திலிருந்து எடுக்க வேண்டியதில்லை. அடுத்த குஞ்சு விடும் விழாவுக்குத் தேதி குறிக்கும் அதிகாரிகள், அதற்கு முன் ஒரு விடியற்காலையில் கரைக்கு அந்தப் பக்கம் இறங்கி இவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும்.